காலமும் இடமும்: மென்பொருட் பதிவேடுகளின் இடமாற்றத்தில் நேர வலயச் சிக்கல்

வரலாற்றுச் சான்று ஒன்றை மதிப்பிட முற்படும் ஆய்வாளர் அச்சான்றிடம் முதலிற் கேட்கும் வினா, அது எப்போது எழுதப்பட்டது என்பதாகும். இவ்வினாவுக்கு விடை காண்பது எளிதென்று தோன்றலாம். ஆவணத்தின் தலைப்பிலேயே திகதி எழுதப்பட்டிருக்கக்கூடும். ஆயினும் திகதி தனித்து நின்று பொருள் தருவதன்று. பிரித்தானியா 1752 ஆம் ஆண்டிலேதான் கிறகோரியன் நாட்காட்டியை ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டில் செப்ரெம்பர் 2 ஆம் நாளுக்கு மறுநாள் செப்ரெம்பர் 14 எனக் கணிக்கப்பட்டது. பிரான்சோ அந்நாட்காட்டியை 1582 ஆம் ஆண்டிலேயே ஏற்றிருந்தது. எனவே, 18 ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இலண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் ஒரே நாளில் எழுதப்பட்ட இரு கடிதங்கள் பதினொரு நாள் வேறுபாடுடைய திகதிகளைத் தாங்கி நிற்கும். எழுதப்பட்ட இடத்தை அறியாதவருக்கு எழுதப்பட்ட காலமும் தெரியாது.

இச்சிக்கல் நாட்காட்டிச் சீர்திருத்தத்தோடு முடிந்துவிடவில்லை. நமது காலத்தில் அது முற்றிலும் புதியதொரு துறையில், கணனி மென்பொருளின் வரலாற்றுப் பதிவேடுகளில், மீண்டும் தலைதூக்கியுள்ளது. பெரிய மென்பொருள் எதுவும் ஒருவரால் ஒரே நாளில் எழுதி முடிக்கப்படுவதில்லை. பலர் பல ஆண்டுகளாக அதனைத் திருத்தியும் விரித்தும் வருவர். எந்த வரியை யார், எப்போது, என்ன காரணம் பற்றி மாற்றினார் என்பதைக் குறித்துவைக்கும் ஏற்பாடே பதிப்புக் கட்டுப்பாட்டு முறைமை எனப்படுகின்றது. இம்முறைமைகளும் மூப்படைகின்றன. ஒன்று வழக்கொழிய, அதிலுள்ள பதிவுகள் யாவும் புதியதொன்றிற்கு மாற்றப்படுகின்றன. செல்லரித்துப்போகும் ஏட்டைப் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதிய முன்னோரின் பணியை இது ஒத்தது. ஏடு பெயர்த்தெழுதியோரின் கைகளிற் பாடபேதங்கள் தோன்றியது போலவே, இங்கும் பேதங்கள் தோன்றுகின்றன. அவற்றுள் எளிதிற் கண்ணிற் படாதது நேர வலயம் பற்றிய பேதமாகும். நிகழ்ச்சி நடந்த கணத்தைக் காப்பாற்றிக்கொண்டு அது நடந்த இடத்தை இழந்துவிடுதல், இழந்த இடத்தை அறிந்ததுபோலப் பின்னர் எழுதிவைத்தல் ஆகிய இரு தவறுகளும் இவ்விடமாற்றங்களில் எவ்வாறு நேர்ந்தன என்பதை நோக்குவது பயனுடையதாகும்.

ஓரிடத்துக் கடிகாரம்

பதிப்புக் கட்டுப்பாட்டு முறைமைகளுள் முன்னோடியாகக் கொள்ளப்படுவது எஸ்.சி.சி.எஸ். ஆகும். இது 1972 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் மார்க் றொச்கைண்ட் என்பவரால் ஆக்கப்பட்டது. இதனைப் பற்றிய அவரது ஆய்வுக் கட்டுரை 1975 இல் வெளிவந்தது. இம்முறைமை ஒவ்வொரு மாற்றத்தோடும் ஆண்டின் இறுதி இரு இலக்கங்கள், மாதம், நாள், மணி, நிமிடம், செக்கன் என்பவற்றைக் குறித்தது. குறிக்கப்பட்ட நேரம் அக்கணனி நின்ற ஊரின் நேரம். எந்த ஊர் என்பது எங்கும் எழுதப்படவில்லை.

இதனைக் குறையென்று அக்காலத்தவர் கருதியிருக்க நியாயமில்லை. ஒரு கட்டடத்தில் ஒரு கணனி. அதனோடு தொடுக்கப்பட்ட முனையங்களில் அதே கட்டடத்துப் பணியாளர். கணனியின் கடிகாரம் காட்டிய நேரமே அங்கிருந்தோர் யாவரதும் நேரம். வீட்டுக்குள் பேசிக்கொள்வோர் தம் ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் வீட்டுப் பேச்சு வெளியே கொண்டுசெல்லப்பட்டபோதுதான் ஊர்ப் பெயரின் இன்மை உணரப்பட்டது.

1980 களின் தொடக்கத்தில் பேடியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வோல்ற்றர் ரிச்சி ஆர்.சி.எஸ். என்னும் முறைமையை உருவாக்கினார். இதன் நான்காம் பதிப்பு வரையில் உள்ளூர் நேரமே எழுதப்பட்டது. ஐந்தாம் பதிப்பிலிருந்து ஒருங்கிணைந்த உலக நேரம், அதாவது கிறீன்விச்சை அடியாகக் கொண்ட பொது நேரம், எழுதப்படலாயிற்று. கணனிகள் வலையமைப்புக்களால் இணைக்கப்பட்டுக் கோப்புக்கள் ஊர்விட்டு ஊர் செல்லத் தொடங்கிய காலத்தில் இம்மாற்றம் முற்றிலும் பொருத்தமானதே. ஆயினும், எந்த வரி பழைய வழக்கப்படி எழுதப்பட்டது, எந்த வரி புதிய வழக்கப்படி எழுதப்பட்டது என்பதைக் காட்டும் குறியீடு எதுவும் கோப்பின் நேரக் குறிப்பில் இடம்பெறவில்லை. இதனால், பழைய பதிப்பிலே தொடங்கிப் புதிய பதிப்பிலே தொடரப்பட்ட ஒரே கோப்பில் இருவகை நேரங்களும் வேறுபாடு தெரியாமற் கலந்து கிடக்க இடமுண்டாயிற்று.

பிற்காலத்தில் அத்தகைய கோப்பைப் பெயர்க்கும் நிரல் எல்லா வரிகளையும் உலக நேரமாகவே கொள்ளும். அமெரிக்காவின் மேற்குக் கரையில் மாரிகாலத்தில் மாலை 5 மணிக்கு எழுதப்பட்ட பழைய பதிவு, அவ்வாறு கொள்ளப்படும்போது, அவ்வூரின் காலை 9 மணிக்கு நிகழ்ந்ததாக மாறிவிடும். எட்டு மணித்தியாலம் முன்தள்ளப்பட்ட அப்பதிவு தனக்கு முந்திய வேறொரு பதிவையும் தாண்டிச் சென்றுவிடலாம்.

உள்ளூர் நேரத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. கோடைகால நேரத்தைப் பின்பற்றும் நாடுகளில் ஆண்டுதோறும் ஒருமுறை கடிகாரம் ஒரு மணித்தியாலம் பின்னே திருப்பப்படுகின்றது. அமெரிக்காவில் அதிகாலை 2 மணி அடிக்கவேண்டிய வேளையில் மீண்டும் 1 மணி ஆகின்றது. அன்றிரவு 1.30 என்ற நேரம் இருமுறை வருகின்றது. வலயக் குறிப்பில்லாத பதிவேட்டில் 1.30 என்று எழுதப்பட்டிருப்பின், அது முன்னையதா பின்னையதா என்பதை எந்த அறிவாலும் துணியவியலாது.

பலர் கூடிய களஞ்சியம்

1986 இல் ஆம்ஸ்ரர்டாம் நகரின் விறையே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிக் குறூனே வெளியிட்ட சிறு நிரல்களிலிருந்து சி.வி.எஸ். தோன்றியது. 1989 இல் பிறையன் பேளினர் அதனை விரித்து எழுதினார். இணையத்தின் வளர்ச்சியோடு ஒன்றையொன்று காணாத நாடுகளிலுள்ள நிரலர்கள் ஒரே களஞ்சியத்தில் எழுத வழிசெய்தது இம்முறைமையே. சி.வி.எஸ். ஆர்.சி.எஸ். கோப்பு வடிவத்தையே தன் அடித்தளமாகக் கொண்டது. நேரம் உலக நேரத்தில் எழுதப்பட்டது. எழுதியவர் எந்த வலயத்தில் இருந்தார் என்பது எழுதப்படவில்லை.

சி.வி.எஸ். முறைமையில் நேரம் வெறும் குறிப்பாக மட்டும் அமையவில்லை. அம்முறைமை ஒவ்வொரு கோப்பின் வரலாற்றையும் தனித்தனியே பேணியது. ஒருவர் பத்துக் கோப்புக்களை ஒரே நோக்கத்தோடு திருத்தி ஒன்றாக ஒப்படைத்தாலும், பதிவேட்டில் அது பத்துத் தனி நிகழ்ச்சிகளாகவே காணப்படும். ஆகையால் பிற்காலப் பெயர்ப்பு நிரல்கள் ஆசிரியர் பெயரும் விளக்கக் குறிப்பும் ஒன்றாயிருந்து, நேரங்களும் சில நிமிட இடைவெளிக்குள் அமைந்தால், அவற்றை ஒரே நிகழ்ச்சியெனக் கொண்டு தொகுக்க வேண்டியதாயிற்று. இவ்வாறு நேரமே நிகழ்ச்சிகளைக் கட்டியெழுப்பும் கயிறாக அமைந்தது. களஞ்சியம் வலையமைப்பு வழியே பகிரப்பட்டு ஒவ்வொருவரும் தத்தம் கணனியின் கடிகாரப்படி எழுதிய இடங்களில், ஒரு கணனியின் வலய அமைப்புத் தவறாயிருந்தாலே போதும், அதிலிருந்து சென்ற பதிவுகள் மணிக்கணக்காகப் பிறழ்ந்துவிடும். அப்போது ஒரு நிகழ்ச்சி இரண்டாகப் பிளவுபடும். அல்லது திருத்தம் முதலிலும் திருத்தப்பட்ட தவறு பின்னரும் நிகழ்ந்ததாகத் தோன்றும். காரணத்துக்கு முன்னே காரியம் நிற்கும் வரலாற்றை எவரும் ஏற்கமுடியாது.

2000 ஆம் ஆண்டில் கொலப்நெற் நிறுவனத்தின் ஆதரவுடன் தொடங்கப்பட்டு, 2004 பெப்ரவரியில் முதலாம் பதிப்பாக வெளிவந்த சப்வேர்சன் இக்குறைகளுட் பலவற்றை நீக்கியது. ஒருவர் ஒன்றாக ஒப்படைத்தவை ஒரே எண் கொண்ட ஒரே நிகழ்ச்சியாயின. நேரத்தை வழங்கும் பொறுப்பு மைய வழங்கிக்கே உரியதாயிற்று. நேரம் உலக நேரத்தில், செக்கனின் பத்திலட்சத்தில் ஒரு பங்கு நுட்பம் வரை எழுதப்பட்டது. பதிவேட்டைப் பார்ப்பவருக்கு அது அவரவர் ஊர் நேரமாக மாற்றிக் காட்டப்பட்டது. கணத்தைப் பொறுத்தவரை இது மிக நேர்மையான சான்று. இடத்தைப் பொறுத்தவரை முற்றிலும் மௌனமான சான்று.

வலயம் எழுதப்பட்ட காலம்

லினக்ஸ் இயங்குதளத்தின் கருவை ஆக்கியோர் 2002 முதல் பிற்கீப்பர் என்னும் முறைமையைப் பயன்படுத்தி வந்தனர். 2005 ஏப்பிரலில் அதன் இலவசப் பயன்பாடு நிறுத்தப்பட்டபோது லினஸ் ரோவால்ட்ஸ் கிற் என்னும் முறைமையையும், மற் மக்கோல் மேர்க்கூரியல் என்னும் முறைமையையும் அதே மாதத்தில் ஆக்கத் தொடங்கினர். இவ்விரண்டும் மையமற்ற முறைமைகள். ஒவ்வொருவர் கணனியிலும் முழுக் களஞ்சியமும் இருக்கும். ஒப்படைத்தல் அவரவர் கணனியிலேயே நிகழும். மைய வழங்கியின் கடிகாரம் இல்லாத இவ்வேற்பாட்டில் எழுதுபவரின் கடிகாரமே சான்றாயிற்று. எனவே இம்முறைமைகள் கணத்தோடு வலயத்தையும் எழுதின. 1970 யனவரி 1 ஆம் நாள் உலக நேர நள்ளிரவிலிருந்து கழிந்த செக்கன்களின் தொகை முதலில் வரும். உலக நேரத்துக்கும் எழுதுபவரின் உள்ளூர் நேரத்துக்குமுள்ள வேறுபாடு அதனைத் தொடர்ந்து வரும்.

கிற் முறைமையின் தன் சொந்த வரலாற்றின் முதற் பதிவே இதற்குத் தக்க உதாரணம். அதில் 1112911993 என்ற செக்கன் தொகையும் -0700 என்ற வேறுபாடும் காணப்படுகின்றன. இதனை விரித்தால் 2005 ஏப்பிரல் 7 ஆம் நாள் பிற்பகல் 3 மணி 13 நிமிடம் 13 செக்கன் என்றாகும். உலக நேரப்படி அது இரவு 10 மணி 13 நிமிடம் 13 செக்கன். பதிவு பேணிய வேறுபாட்டினாற்றான், அப்பதிவு எழுதப்பட்டபோது எழுதியவரின் கடிகாரம் பிற்பகலைக் காட்டியது என்பதை இன்று அறிய முடிகின்றது.

மேர்க்கூரியலும் இவ்வாறே வேறுபாட்டை எழுதுகின்றது. ஆனால் செக்கன்களில், நேர் எதிரான குறியோடு. கொழும்பின் இன்றைய நேரத்தைக் கிற் +0530 என எழுத, மேர்க்கூரியல் -19800 என எழுதும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுபவர் குறியைத் திருப்ப மறந்தால், கொழும்பில் எழுதிய நிரலர் அமெரிக்கக் கண்டத்தின் பக்கம் கொண்டுசெல்லப்பட்டு விடுவார். கணம் சரியாகவே இருக்குமாதலாற் பதிவுகளின் ஒழுங்கு குலையாது. ஒழுங்கு குலையாததால் எவரும் தவறைக் கவனிக்கமாட்டார்.

மென்பொருட் திட்டங்கள் பலவற்றின் வரலாறு ஒரேயொரு இடமாற்றத்தோடு நின்றதில்லை. பைதன் மொழியின் மூலநிரல் சி.வி.எஸ். இலிருந்து சப்வேர்சனுக்கும், 2011 இல் மேர்க்கூரியலுக்கும், 2017 இற் கிற்றுக்கும் மாற்றப்பட்டது. இன்று அக்களஞ்சியத்தைப் பார்ப்பவருக்கு ஆதி முதல் அந்தம் வரை ஒரே சீரான பதிவேடு தோன்றுகின்றது. உண்மையில் அது வெவ்வேறு காலத்து எழுத்தர்கள் வெவ்வேறு வழக்கப்படி எழுதியவற்றைத் தொகுத்த ஏடாகும்.

இடமாற்றுவோர் கண்ட வழிகள்

வலயம் எழுதப்படாத பழைய முறைமையிலிருந்து, வலயம் எழுதியே தீரவேண்டிய கிற் முறைமைக்கு மாற்றும்போது, வெற்றிடத்தை எதனால் நிரப்புவது என்ற வினா எழுகின்றது. இதற்கு மூன்று வழிகள் கையாளப்பட்டுள்ளன.

முதலாவது, யாவருக்கும் +0000 என்று எழுதுதல். சப்வேர்சனிலிருந்து கிற்றுக்கு மாற்றுவதற்குக் கிற்றோடு வரும் கருவி இயல்பாகச் செய்வது இதுவே. இதில் கற்பனை எதுவும் இல்லை என்பது இதன் சிறப்பு. ஆனால் +0000 என்பது இரு பொருள் தருவதாகிவிடுகின்றது. மாரிகாலத்தில் இலண்டனிலிருந்து எழுதியவருக்கும் அது பொருந்தும். எங்கிருந்து எழுதினார் என்று தெரியாதவருக்கும் அது பொருந்தும். அறிந்ததையும் அறியாததையும் ஒரே குறியாற் குறிப்பது பதிவேட்டுக்கு அழகன்று. மின்னஞ்சல் வடிவம் பற்றிய 2001 ஆம் ஆண்டு நியமம், உள்ளூர் வலயம் பற்றி எதுவும் கூறாத நேரத்தைக் குறிக்க -0000 என்ற தனிக் குறியை வகுத்திருந்தது. அத்தகைய வேறுபடுத்தல் இவ்விடமாற்றங்களிற் பெரும்பாலும் பேணப்படவில்லை.

இரண்டாவது, மாற்றுபவரின் கணனி நிற்கும் வலயத்தையே எல்லோருக்கும் இடுதல். மேற்கூறிய கருவியில் இதற்கும் ஒரு தெரிவு உண்டு. தனியொருவர் ஓரிடத்திலிருந்து எழுதிய களஞ்சியத்துக்கு இது பொருந்தலாம். பல நாட்டவர் எழுதிய களஞ்சியத்துக்கு இது பொருந்தாது. நூலைப் பெயர்த்தெழுதியவர் தன் ஊரையே ஆசிரியர் யாவரதும் ஊராக எழுதிவைப்பதற்கு இது ஒப்பாகும்.

மூன்றாவது, ஒவ்வோர் ஆசிரியருக்கும் உரிய வலயத்தை ஒரு பட்டியலில் எழுதி அதன்படி நேரத்தைப் பெயர்த்தல். சி.வி.எஸ். களஞ்சியங்களைக் கிற்றுக்கு மாற்றும் கருவி, ஆசிரியரின் பெயர், முகவரி என்பவற்றோடு வலயத்தின் பெயரையும் பட்டியலிற் சேர்க்க இடமளிக்கின்றது. எரிக் றேமண்ட் ஆக்கிய றெப்போசேர்ஜன் என்னும் கருவியிலும் இவ்வசதி உண்டு. ஜி.சி.சி. தொகுப்பியின் நீண்ட வரலாறு 2020 யனவரியிற் கிற்றுக்கு மாற்றப்பட்டபோது பயன்பட்டது இக்கருவியே. மூன்று வழிகளுள்ளும் வரலாற்றாய்வுக்கு நெருங்கியது இதுவேயெனலாம். ஆயினும் இதற்கு ஆதாரம் வேண்டும். ஆசிரியர் இடம் மாறியிருக்கலாம், பயணத்தில் இருந்திருக்கலாம். அவர் அதே காலத்தில் அனுப்பிய பொது மின்னஞ்சல்களின் தலைப்பிலுள்ள நேர வேறுபாடு இதற்கு நல்ல துணைச்சான்றாகும். ஆதாரமின்றி, பெயரின் ஒலியை மட்டும் கேட்டு ஊரை ஊகித்து எழுதுவது முதலாம் வழியிலும் தாழ்ந்தது.

இலங்கையின் நேரம் தரும் பாடம்

வலயத்தின் பெயரை எழுதுவதற்கும் வேறுபாட்டின் எண்ணை எழுதுவதற்கும் பெரும் பேதம் உண்டு. எண் ஒரு கணத்துக்கு மட்டும் உரியது. பெயரோ ஓர் இடத்தின் நேர வரலாறு முழுவதையும் சுட்டி நிற்பது. இப்பேதத்தை விளக்க இலங்கையின் நேர வரலாற்றைக் காட்டிலும் தெளிவான உதாரணங்கள் சிலவே.

1906 முதல் இந்நாட்டின் நேரம் உலக நேரத்திலும் ஐந்தரை மணித்தியாலம் முந்தியதாயிருந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மட்டும் அது மாற்றப்பட்டுப் பின்னர் பழைய நிலைக்கு மீண்டது. 1996 இல் நிலவிய மின்சாரத் தட்டுப்பாட்டின்போது, மே 25 ஆம் நாள் கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் முன்னே திருப்பப்பட்டன. அன்று நள்ளிரவு 12 மணிக்கும் 1 மணிக்கும் இடைப்பட்ட நேரம் என்று ஒன்று இருக்கவில்லை. அதே ஆண்டு ஒக்டோபர் 26 ஆம் நாள் அரை மணித்தியாலம் பின்னே திருப்பப்பட்டு வேறுபாடு ஆறு மணித்தியாலமாயிற்று. இந்நிலை ஏறத்தாழப் பத்தாண்டு நீடித்தது. 2006 ஏப்பிரல் 15 ஆம் நாள் பின்னும் அரை மணித்தியாலம் பின்னே திருப்பப்பட்டுப் பழைய ஐந்தரை மணித்தியாலம் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. அன்று நள்ளிரவை அடுத்த அரை மணித்தியாலம் இருமுறை வந்தது.

இப்பத்தாண்டு, இலங்கை நிரலர்கள் உலகளாவிய திறந்த மூல மென்பொருளாக்கத்தில் இடம்பெறத் தொடங்கிய காலத்தையும் உள்ளடக்கியது. அப்பாச்சி மென்பொருள் நிறுவகத்தின் திட்டங்களில், சிறப்பாக அக்சிஸ் 2 என்னும் திட்டத்தில், இந்நாட்டவரின் பங்கு பெரிது. அப்பாச்சித் திட்டங்களின் பதிவேடு அந்நாளிற் சப்வேர்சனிலே பேணப்பட்டது. 2005 இல் கொழும்பிலிருந்து எழுதிய ஒருவரின் பதிவு உலக நேரப்படி பிற்பகல் 6.15 எனக் குறிக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். அதனைக் கிற்றுக்கு மாற்றுபவர் இன்றைய எண்ணாகிய +0530 ஐ இட்டால், அது அன்றிரவு 11.45 ஆகும். அக்காலத்து எண்ணாகிய +0600 ஐ இட்டால், மறுநாள் அதிகாலை 12.15 ஆகும். மணி மட்டுமன்றி நாளும் மாறிவிடுகின்றது. ஆசியா/கொழும்பு என்ற வலயப் பெயரைப் பட்டியலில் எழுதியவருக்கு இத்தவறு நேராது.

அவ்வாறு நேராதிருப்பதற்குக் காரணம் உலக நேர வலயத் தரவுத்தளம் ஆகும். 1980 களில் ஆதர் டேவிட் ஒல்சன் தொடக்கிவைத்து, பின்னர் போல் எகற் தொடர்ந்து பேணிவரும் இத்தரவுத்தளம் ஒவ்வோர் ஊரிலும் கடிகாரம் எந்நாளில் எவ்வளவு திருப்பப்பட்டது என்பதைத் தொகுத்து வைத்துள்ளது. 1990 களில் ஆர்.சி.எஸ். முறைமையைப் பேணியவரும் இதே போல் எகற் என்பது குறிப்பிடத்தக்கது. 2011 இலிருந்து இத்தரவுத்தளம் இணைய எண்களை ஒதுக்கும் சர்வதேச அமைப்பின் பொறுப்பில் வெளிவருகின்றது. கணனித் துறையினர் கருவியெனக் கொள்ளும் இது, உண்மையில் அரச கட்டளைகளையும் பத்திரிகைச் செய்திகளையும் சான்றாகக் கொண்டு தொகுக்கப்பட்ட ஒரு வரலாற்று நூலேயாகும்.

எனினும் வலயப் பெயரும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. 1996 இல் செய்யப்பட்ட நேர மாற்றம் அந்நாளில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளில் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. ஒரே தீவில் இருவேறு நேரங்கள் வழங்கின. இப்பிளவு மேற்கூறிய தரவுத்தளத்தின் குறிப்புரையிலே சுட்டப்பட்டிருப்பினும், கணனி வாசிக்கும் பகுதியில் இலங்கை முழுவதற்கும் கொழும்பின் பெயரே நிற்கின்றது. அக்காலத்து வன்னியில் எழுதப்பட்ட கடிதமொன்றின் நேரத்தையோ பதிவொன்றின் நேரத்தையோ ஆராய்பவர் தரவுத்தளத்தை மட்டும் நம்பினால் அரை மணித்தியாலம் தவறுவார். கடிகாரம் அதிகாரத்தின் எல்லையைக் காட்டும் கருவியாகவும் அமைந்ததென்பதற்கு இது சான்றாகும்.

திருத்தவியலாத தவறு

இத்தகைய தவறுகள் பின்னர் கண்டறியப்படும்போது திருத்தலாமே என்று எண்ணக்கூடும். கிற், மேர்க்கூரியல் ஆகிய முறைமைகளின் அமைப்பு அதற்கு எளிதில் இடந்தருவதில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் முத்திரை எண் ஒன்றுண்டு. நேரமும் நேர வேறுபாடும் அக்கணிப்பில் அடங்கும். ஒவ்வொரு பதிவும் தனக்கு முந்திய பதிவின் முத்திரை எண்ணையும் தன்னுள் தாங்கி நிற்கின்றது. எனவே, பழைய பதிவொன்றில் +0000 ஐ +0600 எனத் திருத்தினால் அதன் முத்திரை மாறும். அதற்குப் பிந்திய எல்லாப் பதிவுகளின் முத்திரைகளும் மாறும். பிறர் தம் கணனிகளில் வைத்திருக்கும் பிரதிகளோடு அது பொருந்தாது போகும். முத்திரை எண்ணைச் சுட்டி எழுதப்பட்ட குறிப்புக்கள் யாவும் பொருளிழக்கும். மோசடியைத் தடுக்க அமைந்த இவ்வேற்பாடு பிழையையும் உறைய வைத்துவிடுகின்றது. இடமாற்றம் நிகழும் அச்சிறு காலப்பகுதியே திருத்தத்துக்கு வாய்ப்புள்ள காலமாகும்.

இதனால் விளையும் தீங்கு யாது என்ற வினாவும் எழலாம். நிரல் முன்போலவே இயங்கும். பயனாளர் எவரும் குறை கூறமாட்டார். ஆனால் பதிவேடுகள் இன்று ஆராய்ச்சிக்கு மூலச்சான்றுகளாகிவிட்டன. பிரான்சின் இன்றியா நிறுவனம் 2016 இல் அறிமுகப்படுத்திய மென்பொருள் மரபுக் காப்பகம் உலகின் பொதுக் களஞ்சியங்களைத் திரட்டிப் பேணுகின்றது. எழுதியோரின் பெயர்களையும் நேர வேறுபாட்டையும் கொண்டு, உலகின் எப்பகுதியிலிருந்து எவ்வளவு பங்களிப்பு வந்ததென்று கணிக்கும் ஆய்வு 2022 இல் வெளிவந்தது. நிரலர்கள் இரவிலும் விடுமுறை நாளிலும் உழைக்கின்றனரா என்பதை இந்நேரங்களிலிருந்தே ஆராய்ந்தோரும் உளர். இத்தகைய ஆய்வுகளில் +0000 என மாற்றப்பட்டவர் தம் நாட்டை இழக்கின்றார். கொழும்பில் நள்ளிரவுக்குப் பின்னும் விழித்திருந்து எழுதியவர் நள்ளிரவுக்கு முன்னரே எழுதி முடித்தவராகத் தோற்றமளிப்பார். பெருந்தொகையினரைக் கொண்ட நாடுகள் பிற சான்றுகளாலும் அறியப்படும். சிறு நாட்டவரின் பங்களிப்போ இத்தகைய மெல்லிய சான்றுகளாலேயே அறியப்படவேண்டியுள்ளது. இடமாற்றத்தில் முதலில் அழிவதும் அச்சான்றே.

மேற்கூறியவற்றிலிருந்து இடமாற்றத்துக்குரிய நெறிகள் சிலவற்றை வகுக்கலாம். பழைய களஞ்சியத்தை அழியாது பேணுதல் முதல் நெறி. பெயர்ப்பிற் பிழை நேரினும் மூலம் இருக்குமாயின் உண்மை பிழைக்கும். மூலத்தில் எழுதப்பட்டது உள்ளூர் நேரமா உலக நேரமா என்பதைக் காலப்பகுதிவாரியாக ஆராய்ந்து கணத்தை நிலைநாட்டுதல் இரண்டாவது. ஆதாரமுள்ளவிடத்து மட்டும் வலயத்தை இடுதல், இடும்போது எண்ணாக அன்றி வலயப் பெயராற் கணித்து இடுதல் மூன்றாவது. ஆதாரமில்லாதவிடத்து உலக நேரத்தையே விட்டு, அது அறியாமையின் அடையாளம் என்பதை இடமாற்றக் குறிப்பில் வெளிப்படையாக எழுதுதல் நான்காவது.

இந்நெறிகளுள் எதுவும் புதியதன்று. 1752 க்கு முற்பட்ட ஆங்கிலக் கடிதத்தைப் பதிப்பிக்கும் ஆய்வாளர் பழைய திகதியை அழித்துவிட்டுப் புதிய திகதியை எழுதுவதில்லை. எந்த நாட்காட்டிப்படி எழுதப்பட்டதென்பதைக் குறித்தே பதிப்பிக்கின்றார். ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்தோரும் சிதைந்த இடத்தைச் சிதைந்ததென்றே காட்டினர். கணனி யுகத்தின் பதிவேடுகளும் அதே நேர்மையை வேண்டி நிற்கின்றன. மென்பொருளை ஆக்கியோரிற் பெரும்பாலோர் தம்மை வரலாற்றாசிரியராகக் கருதியதில்லை. ஆயினும் அவர்கள் ஒவ்வொரு மாற்றத்தோடும் எழுதிவைத்த நேரக் குறிப்பு, அவர்கள் வாழ்ந்த இடத்தினதும் உழைத்த பொழுதினதும் சான்றாக எஞ்சியுள்ளது. அதனைப் புதிய ஏட்டுக்குப் பெயர்த்தெழுதுவோர் கணத்தோடு இடத்தையும் காத்தல் வேண்டும். காக்க முடியாதவிடத்து அதனை ஒளியாது கூறுதல் வேண்டும்.